பொட்டாசியம் கலப்பு மின்தேக்கி: அரைக்கலத்தில் நன்றாக ஓடும் கார்பன் முழுக்கலத்தில் ஏன் சரிகிறது?

மென்கார்பன் எழுதியது:

வணக்கம். கலப்பு மின்தேக்கிகளில் கைபழகியவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பதில் சொல்லுங்கள். பதிவு நீளமாகத்தான் இருக்கும். விவரத்தைக் குறைத்தால் நீங்கள் கேட்பீர்கள், நான் சொல்வேன், அதிலேயே நாள் போய்விடும்.

நான் செய்வது பொட்டாசியம் அயனிக் கலப்பு மின்தேக்கி. நேர்மின்முனை செயலூட்டிய கரி. அதன் துளைப் பரப்பில் அயனிகள் வந்து ஒட்டும், விலகும், அவ்வளவுதான். எதிர்மின்முனை தார்ப்பிசினை ஆர்கானில் 1000 டிகிரி செல்சியசில் சுட்டெடுத்த மென்கார்பன், அதாவது கிராஃபைட் அளவுக்கு அடுக்குகள் ஒழுங்காக அமையாத கார்பன். அதன் அடுக்குகளுக்குள் பொட்டாசியம் புகுந்து வெளியேறும். ஒரு முனை மின்தேக்கியின் வேகத்தையும் மறுமுனை பேட்டரியின் கொள்திறனையும் தரவேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

லித்தியம் இருக்கும்போது பொட்டாசியம் எதற்கு என்று எங்கள் குழுவிலேயே கேட்கிறார்கள். பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் பொட்டாசியம் ஏறத்தாழ 2 சதவீதம். லித்தியம் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கிறது. பொட்டாசியம் அலுமினியத்தோடு கலவையாகச் சேராது. ஆகவே எதிர்மின்முனையில் மின்னோட்டத்தைக் கடத்தும் தாளாகவும் செம்பு வேண்டாம், அலுமினியத் தாளே போதும். என்னை இந்தப் பக்கம் இழுத்தது வேறொன்று. வெறும் அயனியாகப் பார்த்தால் பொட்டாசியம் பெரியது: ஆரம் 1.38 ஆங்ஸ்ட்ராம், லித்தியத்துக்கு 0.76. ஆனால் கரைப்பானுக்குள் இறங்கியதும் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. லித்தியம் தன்னைச் சுற்றிக் கரைப்பான் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நகர்கிறது. பொட்டாசியத்தின் பிடி தளர்வானது. புரொப்பிலீன் கார்பனேட்டில் நகரும் உருவத்தின் ஆரம் லித்தியத்துக்கு 4.8, பொட்டாசியத்துக்கு 3.6 ஆங்ஸ்ட்ராம். வேகமாக மின்னேற வேண்டிய ஒரு கருவிக்கு இதைவிட நல்ல அயனி எது?

இனி சிக்கல். மென்கார்பனைப் பொட்டாசியம் உலோகத்துக்கு எதிரே அரைக்கலமாக வைத்தபோது கிராமுக்கு 50 மில்லி ஆம்பியரில் 240 மில்லி ஆம்பியர் மணி கிடைத்தது. கிராமுக்கு 1 ஆம்பியரில் 160. முதல் சுழற்சியில் உள்ளே போனதில் 58 சதவீதமே திரும்பி வந்தது. அது மோசம்தான், ஆனால் மூன்றாம் சுழற்சிக்குள் நிலைபெற்றுவிட்டது. மின்பகுளி, எத்திலீன் கார்பனேட்டும் டைஎத்தில் கார்பனேட்டும் சமமாகக் கலந்ததில் 0.8 மோலார் பொட்டாசியம் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட். இரு முனைகளும் தொடாமல் இடையே கண்ணாடியிழைப் பிரிப்பான். செயலூட்டிய கரி தனியாக கிராமுக்கு 100 ஃபாரட் காட்டுகிறது.

முழுக்கலத்தில் இரு முனைகளையும் ஒரே எடையில், 1:1 என்று வைத்தேன். மென்கார்பனை முதலில் அரைக்கலத்தில் மூன்று சுழற்சி ஓட்டி, கலத்தைப் பிரித்து எடுத்துப் பயன்படுத்தினேன். 0.5 முதல் 4.0 வோல்ட் வரை ஓட்டினேன். முந்நூறாவது சுழற்சியில் தொடக்கக் கொள்திறனில் 62 சதவீதம்தான் மிச்சம். பிரித்துப் பார்த்தபோது பிரிப்பான் பழுப்பேறியிருந்தது. நான்கு கலங்கள் செய்தேன், நான்கிலும் இதே கதை.

முதல் சுழற்சிகளில் மின்பகுளி சிதைந்து கார்பனின் மேல் படியும் காப்புப் படலம் சரியில்லை என்று நினைத்து, சுடும் வெப்பநிலையை மூன்று முறை மாற்றிவிட்டேன். பயனில்லை. இப்போது உப்பை இமைடு வகைக்கு மாற்றலாமா என்று யோசிக்கிறேன். குறை கார்பனில் இருக்கிறதா, மின்பகுளியிலா?

---

மூன்றாம்முனை எழுதியது:

நல்ல விவரமாக எழுதியிருக்கிறீர்கள். பதில் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. அரைக்கலத்தில் மூன்று சுழற்சி ஓட்டினீர்களே, எந்த வோல்ட்டில் நிறுத்திப் பிரித்தீர்கள்? 0.01 வோல்ட்டிலா, 2.5 வோல்ட்டிலா?

---

மென்கார்பன் எழுதியது:

2.5 வோல்ட்டில். மூன்று முழுச் சுழற்சி முடிந்ததும் நிரல் தானாக நின்றது, அப்படியே பிரித்தேன். படலம் உருவாகியிருந்தால் போதும் என்று நினைத்தேன்.

---

மூன்றாம்முனை எழுதியது:

அப்படியானால் உங்கள் கார்பன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. நீங்கள் முழுக்கலத்துக்குள் வைத்தது பொட்டாசியம் இல்லாத காலி மென்கார்பன். படலம் இருந்திருக்கும், ஆனால் இருப்பு ஏதும் இல்லை. என்ன நடந்தது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

செயலூட்டிய கரி எதுவும் செய்யாமல் ஓய்வில் இருக்கும்போது பொட்டாசியத்தை ஒப்பிட ஏறத்தாழ 3 வோல்ட்டில் நிற்கும். கிராமுக்கு 100 ஃபாரட் என்றால், ஒரு வோல்ட் நகர 100 கூலும் வேண்டும், அதாவது சுமார் 28 மில்லி ஆம்பியர் மணி. எடை 1:1 என்பதால் கரி ஏற்கும் அதே அளவுதான் மென்கார்பனுக்கும் போகிறது. உங்கள் அரைக்கல வரைபடத்தை எடுத்து, 47 மில்லி ஆம்பியர் மணி உள்ளே போனபோது மின்னழுத்தம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மென்கார்பனில் அது பெரும்பாலும் 0.7 வோல்ட் அருகில் இருக்கும். அதே 47, கரியை 3 வோல்ட்டிலிருந்து 1.7 வோல்ட் மேலே தூக்கி 4.7-க்குக் கொண்டுபோகும். 4.7-இல் 0.7 போனால் 4.0. உங்கள் கருவி 'மின்னேற்றம் முடிந்தது' என்று நிம்மதியாகச் சொல்லிவிடுகிறது. உள்ளே ஒவ்வொரு சுழற்சியிலும் நேர்மின்முனை 4.7 வோல்ட்டில் கார்பனேட் கரைப்பானை எரித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் பார்த்த பழுப்பு அங்கிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

அந்த நேரத்தில் மென்கார்பன் தன் கொள்திறனில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறது. அது சும்மா இருந்த பாவத்துக்கு நீங்கள் மூன்று முறை சூளையில் போட்டிருக்கிறீர்கள்.

கலத்தின் மொத்த மின்னழுத்தம் என்பது இரண்டு எண்களின் கழித்தல். இரண்டும் தனித்தனியே எங்கே நிற்கின்றன என்று அது சொல்லாது. ஆகவே உப்பை மாற்றுவதற்கு முன், டி வடிவக் கலம் ஒன்றில் மூன்றாவதாக ஒரு குறிப்பு மின்முனையை வைத்து இரண்டையும் தனித்தனியே பதிவு செய்யுங்கள். குறிப்பு மின்முனையாகப் பொட்டாசியம் உலோகத்தை வைக்கலாம். மின்னோட்டம் அதன் வழியே போகாததால் பெரிய பிழை வராது. நெடுநாள் சோதனைக்கு மட்டும் நான் அதை நம்பமாட்டேன். மின்பகுளியோடு அது ஓயாமல் வினைபுரிந்துகொண்டிருக்கும், மின்னழுத்தம் மெல்ல நகரும். அப்படிப்பட்ட சோதனைகளில் தாராளமான எடையில் செயலூட்டிய கரியை வைத்து, அதன் மின்னழுத்தத்தை அவ்வப்போது பொட்டாசியத்தோடு சரிபார்த்துக்கொள்வேன்.

இன்னொன்று. உங்கள் அரைக்கலத்தில் 1 ஆம்பியரில் வந்த 160-ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பொட்டாசியம் உலோகம் எதிர்முனையாக நின்று அவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும்போது, அதன் மேற்பரப்பிலேயே கணிசமான மின்னழுத்தம் விழுகிறது. அந்த இழப்பு கார்பனின் கணக்கில் எழுதப்படுகிறது. உண்மையில் உங்கள் கார்பன் அதைவிட வேகமானதாக இருக்கலாம். லித்தியத்தில் பழகி வந்தவர்கள் எல்லோரும் இங்கே ஒருமுறை சறுக்குகிறார்கள்; நானும் ஓராண்டைத் தொலைத்தேன்.

---

மென்கார்பன் எழுதியது:

வரைபடத்தைப் பார்த்தேன். 47-இல் 0.72 வோல்ட்.

கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். ஐயா, அப்படியென்றால் 0.01 வோல்ட்டில் நிறுத்தி, முழுக்க நிரப்பி எடுத்துவிடட்டுமா? எடை விகிதம் என்ன வைப்பது?

---

மூன்றாம்முனை எழுதியது:

முழுக்க நிரப்ப வேண்டாம். அது எதிர்ப்பக்கத்துத் தவறு. நிரம்பிய கார்பனை வைத்துக் கலத்தை மின்னேற்றினால் மேலும் வரும் பொட்டாசியத்துக்கு உள்ளே இடம் இருக்காது, உலோகமாக மேற்பரப்பில் படியும். அது ஊசியாக வளர்ந்து பிரிப்பானைத் துளைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கரி 3 வோல்ட்டிலிருந்து மேலே 4.0 வரையும் கீழே 2.0 வரையும் போகலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் மென்கார்பனுக்கு இரண்டரை கிராம் கரி வைத்தால், மேல்நோக்கி ஒரு வோல்ட்டுக்கு 69 மில்லி ஆம்பியர் மணி, கீழ்நோக்கி இன்னொரு 69. மென்கார்பனை 110 வரை நிரப்பி எடுத்துவைத்தால், மின்னேற்ற முடிவில் 179-இல் நிற்கும், மின்னிறக்க முடிவில் 41-இல் நிற்கும். மேலேயும் கீழேயும் இடம் மிச்சம் இருக்கிறது. கலத்தை 1.2 முதல் 3.8 வோல்ட் வரை ஓட்டுங்கள். 0.5 வரை இறக்கியே ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. விற்பனைக்கு வரும் லித்தியம் அயனி மின்தேக்கிகளே பொதுவாக 2.2 வோல்ட்டுக்குக் கீழே போவதில்லை. எடைக்கணக்கை மட்டும் பார்த்து 4:1, 5:1 என்று தாளில் வரும் விகிதங்களுக்குப் போனால், வேகமாக மின்னேற்றும்போது மென்கார்பன் மூச்சுத்திணறும்.

உப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இமைடு உப்பு கார்பனின் மேல் நல்ல படலம் தருகிறது, உண்மை. ஆனால் செறிவு குறைந்த கரைசலில் அது நேர்மின்முனைப் பக்கத்து அலுமினியத் தாளை அரிக்கும், அதுவும் 4 வோல்ட்டை நெருங்கும்போது. செறிவைக் கூட்டினால் அரிப்பு அடங்கும், ஆனால் கரைசல் கெட்டிப்படும். நீங்கள் 4.7 வோல்ட்டில் ஓட்டிக்கொண்டிருந்த நிலையில் அந்த உப்பை ஊற்றியிருந்தால் ஒரு குழப்பத்தின்மேல் இன்னொன்று சேர்ந்திருக்கும்.

---

பழையகையுறை எழுதியது:

கிராஃபைட்டை ஏன் விட்டீர்கள் என்று கேட்க வந்தேன். எட்டுக் கார்பனுக்கு ஒரு பொட்டாசியம் என்ற சேர்மத்தை 1926-லேயே செய்துவிட்டார்கள். 279 மில்லி ஆம்பியர் மணி, தட்டையான மின்னழுத்தம். ஆனால் அடுக்கிடைவெளி 3.35-லிருந்து 5.35 ஆங்ஸ்ட்ராமுக்கு விரிகிறது, ஏறக்குறைய 60 சதவீதம். ஆயிரக்கணக்கில் சுழலவேண்டிய மின்தேக்கிக்கு அது ஒத்துவராது. மென்கார்பன் சரியான தேர்வு. இதில் எனக்கு மேலே சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல வந்தது வேறு. மூன்று மின்முனைக் கலம் செய்யப்போகிறீர்கள், அப்படியென்றால் பொட்டாசியத்தை அடிக்கடி வெட்டுவீர்கள். லித்தியத்தை வெட்டிய கை அதே துணிச்சலில் இதை வெட்டக்கூடாது. பல ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த ஓர் ஆய்வகத்தில், எண்ணெயில் நெடுநாள் கிடந்த துண்டு ஒன்று மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பொருக்குக் கட்டியிருந்தது. உடன் வேலைபார்த்தவர் அதைச் சுரண்டி உள்ளே இருக்கும் நல்ல உலோகத்தை எடுக்கலாம் என்று கத்தியை வைத்தார். துப்பாக்கி வெடித்ததைப் போல ஒரு சத்தம். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. புருவமும் கையும் தீய்ந்தன. அந்த மஞ்சள் பொருக்கு பொட்டாசியம் சூப்பராக்சைடு. எண்ணெயும் புதிய உலோகமும் அதோடு கத்தி முனையில் உரசினால் தீப்பற்றப் பொறியே தேவையில்லை. மஞ்சளாகிவிட்ட பொட்டாசியத்தைத் தொடாதீர்கள், வெட்டாதீர்கள், உங்கள் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

வெட்டிய துணுக்குகளை அன்றன்றே அழித்துவிடுங்கள். மந்த வாயுவின் கீழ், உலர்ந்த மூன்றிணைய பியூட்டனாலில் சிறிது சிறிதாக, முழுதும் கரையும்வரை பொறுமையாக. மெத்தனால் வேண்டவே வேண்டாம், வேகம் கட்டுக்கடங்காது. பக்கத்தில் உலர்ந்த மணல் வாளி இருக்கட்டும். தண்ணீரும் கரியமில வாயு அணைப்பானும் இந்தத் தீயை இன்னும் கிளப்பிவிடும். உருகுநிலை 63.5 டிகிரிதான் என்பதையும் மறக்கவேண்டாம். கலத்தை உலர்த்துகிறேன் என்று சூடான அடுப்புத்தட்டின்மேல் வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

---

எடைத்தராசு எழுதியது:

மேலே உள்ள கணக்கோடு நான் முழுக்க உடன்படுகிறேன். ஆனால் முடிவுகளை எழுதும்போது ஒரு விஷயத்தை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கலத்தில் கரி 3 வோல்ட்டுக்குக் கீழே இயங்கும்போது பொட்டாசியம் அயனி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்வருகிறது, மின்பகுளியில் உப்பு குறைவதில்லை. 3 வோல்ட்டுக்கு மேலே போனதும் கரியில் எதிரயனி (உப்பின் எதிர்மின்னூட்ட அயனி) ஒட்டுகிறது, கார்பனில் பொட்டாசியம் புகுகிறது. இரண்டும் மின்பகுளியிலிருந்தே வரவேண்டும். அதாவது மேற்பாதியில் உப்பே எரிபொருள். ஒரு கிராம் கரி மேல்நோக்கி 100 கூலும் ஏற்றுக்கொள்ள ஒரு மில்லிமோலுக்குச் சற்று அதிகமான உப்பு வேண்டும். 0.8 மோலார் கரைசலில் அது 1.3 மில்லிலிட்டர், எடை சுமார் ஒன்றரை கிராம். அதுவும் கடைசித் துளி உப்புவரை உறிஞ்சப்பட்டால்! நிஜத்தில் கரைசல் மின்கடத்த வேண்டும், எனவே இன்னும் கூடுதலாக ஊற்றவேண்டும். ஆக, கரியைவிட மின்பகுளி கனமானது.

உங்கள் புதிய கலத்துக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிராம் கரி, 0.4 கிராம் மென்கார்பன், 200 கூலும், சராசரி 2.5 வோல்ட் என்றால் 500 ஜூல். செயல்படு பொருள்களின் எடைக்கு மட்டும் வகுத்தால் கிலோவுக்கு 99 வாட் மணி. எவ்வளவு அழகான எண்! அந்த ஒன்றரை கிராமையும் சேர்த்து வகுத்தால் 48. அலுமினியத் தாள், பிரிப்பான், உறை எல்லாம் சேர்ந்தால் இன்னும் இறங்கும். பொத்தான் கலத்தில் மின்பகுளி வெள்ளமாக இருப்பதால் இந்தச் சிக்கல் கண்ணுக்கே தெரியாது. தெரியாததால்தான் பலர் முதல் எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் பேட்டரியோடு ஒப்பிடுகிறார்கள். இந்தத் துறை நன்றாக வரவேண்டும் என்று விரும்புகிறவன் என்பதால் அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீங்கள் இரண்டு எண்களையும் எழுதுங்கள். கரி 3 வோல்ட்டுக்குக் கீழே செலவிடும் பங்கைக் கூட்டினால் மின்பகுளியின் எடை குறையும். அதற்கு நீங்கள் முன்கூட்டியே ஊட்டும் பொட்டாசியம்தான் மூலதனம். ஆகவே அந்த ஊட்டும் வேலையை வெறும் இழப்பு ஈடாகப் பார்க்காதீர்கள்.

---

மென்கார்பன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் பழைய கலத்தையே, 1:1 எடையில், காலி மென்கார்பனோடு, டி வடிவக் கலத்தில் மறுபடி செய்தேன். தவறு அங்கேதான் என்று என் கண்ணால் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. மின்னேற்ற முடிவில் நேர்மின்முனை 4.68, எதிர்மின்முனை 0.69. திரையில் இரண்டு கோடுகளும் தனித்தனியே ஏறி இறங்குவதை முதன்முறையாகப் பார்த்தேன். இரண்டு மாதம் நான் திட்டிய கார்பன் 0.69-க்குக் கீழே இறங்கவே இல்லை.

பிறகு 2.5:1. மென்கார்பனை மூன்றாம் சுழற்சிக்குப் பின் மறுபடி 110 வரை நிரப்பி நிறுத்தினேன். கலத்தைப் பிரித்து, டைஎத்தில் கார்பனேட்டில் கழுவி, கையுறைப் பெட்டிக்குள்ளேயே உலர்த்தி, அன்றைக்கே புதுக்கலத்தில் வைத்தேன். 1.2 முதல் 3.8 வோல்ட். இன்று காலை 800-ஆவது சுழற்சி ஓடிக்கொண்டிருந்தது. தொடக்கக் கொள்திறனில் 93 சதவீதம். நேர்மின்முனை 4.0-ஐத் தாண்டவில்லை. பிரிப்பானை இன்னும் பார்க்கவில்லை, பிரிக்க மனம் வரவில்லை.

பழையகையுறை ஐயா, எங்கள் அலமாரியின் பின்வரிசையில் ஒரு குப்பி இருந்தது. மஞ்சள்தான். திறக்காமல் அப்படியே பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டோம். எத்தனை ஆண்டுகளாக அங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

எடைத்தராசு சொன்ன இரண்டாவது எண்ணையும் என் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். அடுத்ததாக, மின்பகுளியை அளந்து ஊற்றி, உப்பு தீரும் இடம் வரைபடத்தில் எப்படித் தெரிகிறது என்று பார்க்கப்போகிறேன். பொத்தான் கலத்தில் ஊற்றும் அளவை எவ்வளவு வரை குறைத்தால் கண்ணாடியிழைப் பிரிப்பான் முழுக்க நனைந்திருக்கும்? அது நிறைய உறிஞ்சுகிறது. மெல்லிய பாலிபுரொப்பிலீன் பிரிப்பானுக்கு மாறினால் இந்தக் கார்பனேட் கரைசல் அதை நன்றாக நனைக்க மறுக்கிறது. இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.